வாசனையின் மேல் தொடுத்த வழக்கு: பிலிப்பைன்ஸ் ஆங்கிலச் சிறுகதைகளும் அனுபவம் என்னும் கேள்வியும்



மறைந்த நம் தோழரின் நினைவாக ஆண்டுதோறும் கூடுகிறோம். படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்துபோவது அவருக்குப் பிடிக்காது என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். நூலகம் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கு ஒளிநகல் கட்டுகளைச் சுமந்துபோய்க் கொடுத்தவர் அவர். ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் என்று எங்கெங்கோ இருந்து வந்த கதைகள் அந்தக் கட்டுகளில் இருந்தன. அவற்றில் ஒன்றிலிருந்தே இந்த உரையைத் தொடங்குகிறோம்.

கார்லோஸ் புலோசான் எழுதிய கதை. தலைப்பு, ‘என் தந்தை நீதிமன்றம் போகிறார்’. ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் பணக்காரர் ஒருவர் குடியிருக்கிறார். அந்த வீட்டு வேலைக்காரர்கள் இறைச்சி பொரிக்கும்போது வாசனை காற்றில் வருகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று அதை மூச்சில் இழுக்கிறார்கள். அவர்கள் உடம்பு தேறி, சிரித்து விளையாடுகிறார்கள். கதவடைத்த வீட்டுக்குள் வளரும் பணக்காரப் பிள்ளைகளோ வெளிறி மெலிகிறார்கள். கடைசியில் பணக்காரர் வழக்குப் போடுகிறார். தன் செல்வத்தின், தன் உணவின் ஆவியை இந்தக் குடும்பம் திருடிவிட்டது என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றத்தில் தந்தை தன் வைக்கோல் தொப்பியில் சில்லறைகளைச் சேர்த்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் குலுக்குகிறார். வாசனைக்கு விலை, காசின் ஓசை. வழக்கு தள்ளுபடியாகிறது.

பல நாடுகளில் வழங்கும் பழைய நாட்டார் கதை இது. நம் பாட்டிமாரும் இதைப் போல ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கதை இடம்பெற்ற ‘என் தந்தையின் சிரிப்பு’ தொகுப்பு 1944இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது அதை வேடிக்கைக் கதைகளாகவே வாசித்தார்கள். அவற்றின் அடியில் இருப்பது கோபம் என்று புலோசானே பின்னால் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே கதை ஒருவருக்குச் சிரிப்பாகவும் இன்னொருவருக்குக் கோபமாகவும் தெரிவது எப்படி? வாசிப்பவர் எங்கே நின்று வாசிக்கிறார்? அனுபவத்தை மையமாக வைத்து இலக்கியத்தை ஆராயும் நிகழ்வியல் திறனாய்வு இந்தக் கேள்விக்கு எவ்வளவு தூரம் உதவும், எங்கே கைவிடும் என்பதே இன்றைய பேச்சு.

ஆங்கிலம் எப்படிக் கதைமொழி ஆனது

வரலாற்றை முதலில் சொல்லிவிடுவோம். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்பெயினின் கீழ் இருந்த பிலிப்பைன்ஸ் 1896இல் புரட்சியில் இறங்கியது. 1898 ஜூன் 12 அன்று விடுதலையை அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையில் அமெரிக்கா 2 கோடி டாலர் கொடுத்து அந்த நாட்டை ஸ்பெயினிடமிருந்து பெற்றுக்கொண்டது. விற்கப்பட்ட மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 1899இல் தொடங்கிய போரிலும் அதையொட்டிய பசியிலும் கொள்ளைநோயிலும் லட்சக்கணக்கானோர் மாண்டனர்.

போர் முடியும் முன்பே பள்ளிக்கூடம் வந்துவிட்டது. 1901 ஜனவரியில் இயற்றிய 74ஆம் எண் சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழி ஆக்கியது. அந்த ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்ற படைக்கப்பல் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்களைக் கொண்டுவந்து இறக்கியது. கப்பலின் பெயராலேயே அவர்களை ‘தாமசைட்டுகள்’ என்கிறார்கள். துப்பாக்கி வந்த வழியிலேயே கரும்பலகையும் வந்தது. 1908இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன்பின் ஒரு தலைமுறைக்குள் ஆங்கிலத்தில் கதை எழுதுவோர் உருவாகிவிட்டார்கள்.

அதற்கு முன் அங்கே இலக்கியமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஹோசே ரிசால் ஸ்பானிய மொழியில் நாவல்கள் எழுதியிருந்தார். தொழிலாளர் போராட்டத்தையும் சோசலிசத்தையும் பேசும் ‘பனாஅக் அத் சிகத்’ நாவலை லோப்பே கே. சாந்தோஸ் தகலோக் மொழியில் எழுதினார். 1906இல் அது நூலாக வந்தது. வயலில் நின்றவர்களும் ஆலையில் நின்றவர்களும் பேசியது தகலோக், இலோக்கானோ, செபுவானோ போன்ற மொழிகளை. ஆகவே ஆங்கிலச் சிறுகதையில் வரும் உழவர் தான் பேசாத மொழியில், தன்னால் வாசிக்க முடியாத பக்கத்தில் பேசுகிறார். இதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

நிகழ்வியல் என்ன சொல்கிறது

பினாமினாலஜியைத் தமிழில் சிலர் நிகழ்வியல் என்றும் சிலர் தோற்றப்பாட்டியல் என்றும் எழுதுகிறார்கள். பெயர் மிரட்டினாலும் விஷயம் எளிது. உலகம் தன்னளவில் என்ன என்று கேட்பதற்கு முன், அது ஒருவருக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்க வேண்டும் என்றார் எட்முண்ட் ஹுசர்ல். அதற்காக நம் முன்முடிவுகளைத் தற்காலிகமாக அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைக்கச் சொன்னார். அவருடைய மாணவர் ரோமன் இன்கார்டன் 1931இல் இதை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். எந்தப் பிரதியிலும் இட்டு நிரப்பாத இடங்கள் உண்டு, வாசகரே அவற்றை நிரப்புகிறார் என்றார். 1945இல் மெர்லோ-போந்தி அனுபவத்தை உடம்பில் நிறுத்தினார். நாம் உலகை மூளையால் மட்டும் அறிவதில்லை. கையால், காலால், மூக்கால் அறிகிறோம் என்பது அவர் வாதம்.

உடம்பு என்றதும் நம் காது கூர்மையாகிறது. தீண்டல், வாசனை, தூரம் ஆகியவற்றின் மேல்தானே சாதி கட்டப்பட்டிருக்கிறது! ஆனால் ஒரு எச்சரிக்கை தேவை. யூதராகப் பிறந்த ஹுசர்ல் 1933இல் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். அதே ஆண்டு அவருக்குப் பின் அந்த இருக்கையில் அமர்ந்த ஹைடெக்கர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அனுபவத்தைப் பற்றி நுட்பமாகப் பேசத் தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் அனுபவம் தெரியாமல் போகலாம்.

1952இல் ஃபனோன் செய்த திருத்தம் நமக்கு முக்கியம். வெள்ளைக் குழந்தை ஒன்று விரல் நீட்டிச் சுட்டிய கணத்தில் தன் உடம்பு தன்னிடமிருந்து பறிபோவதை அவர் எழுதினார். எல்லா உடம்பும் உலகில் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில உடம்புகள் பார்க்கின்றன, சில உடம்புகள் பார்க்கப்படுகின்றன. இந்தத் திருத்தத்தோடு கதைகளுக்குள் போவோம்.

ஜன்னலுக்கு உள்ளே, ஜன்னலுக்கு வெளியே

1925இல் பாஸ் மார்க்கெஸ் பெனித்தெஸ் ‘டெட் ஸ்டார்ஸ்’, அதாவது ‘இறந்த நட்சத்திரங்கள்’ கதையை வெளியிட்டார். பிலிப்பைன்ஸ் ஆங்கிலச் சிறுகதையின் தொடக்கமாக இதைச் சொல்வது வழக்கம். எஸ்பெரான்சாவுக்கு நிச்சயிக்கப்பட்ட ஆல்ஃப்ரெதோ, ஹூலியா என்ற பெண்ணால் ஈர்க்கப்படுகிறான். ஆனாலும் எஸ்பெரான்சாவையே மணக்கிறான். எட்டு ஆண்டுகள் கழித்து ஹூலியாவைத் தேடிப் போகும்போது, தான் இத்தனை காலம் பார்த்தது எப்போதோ அணைந்த விண்மீனின் ஒளி என்று உணர்கிறான். கடந்தகாலம் நிகழ்காலமாகத் தோன்றி ஏமாற்றுவதை இவ்வளவு துல்லியமாக எழுதியதால், நிகழ்வியலாளருக்கு இது விருந்து.

ஆனால் அதே கதையில் கலிக்ஸ்தா என்று ஒரு பெண் வருகிறாள். எஸ்பெரான்சாவின் தாய் எடுத்து வளர்த்தவள், நடுவயதினள். திருமணம் செய்யாமல் ஒருவனோடு வாழ்கிறாள் என்பதற்காக எஸ்பெரான்சா அவளை நன்றிகெட்டவள் என்கிறாள். ஆல்ஃப்ரெதோ அவளுக்காக வாதாடுகிறான். இருவரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். கலிக்ஸ்தாவுக்கு அந்த எட்டு ஆண்டுகள் எப்படித் தோன்றின என்று கதை கேட்பதே இல்லை. இன்கார்டன் சொன்ன ‘நிரப்பாத இடம்’ இதுதான். நட்சத்திரம் பார்க்க நேரமுள்ளவர்களின் காலத்தை மட்டும் வாசித்துவிட்டு எழுந்தால் அது பாதி வாசிப்பு. பிறர் தயவில் ஒரு வீட்டில் வளர்ந்தவள் எந்த உரிமையில் வாழ்ந்தாள் என்று கேட்பதும் அனுபவத்தைக் கேட்பதுதான்.

என்.வி.எம். கொன்சாலஸ் எழுதிய ‘தி பிரெட் ஆஃப் சால்ட்’ 1958இல் வந்தது. தினமும் விடியலில் ‘பான் தே சால்’ என்ற எளிய ரொட்டியை வாங்கிவரும் சிறுவன் கதை சொல்கிறான். அவனுடைய தாத்தா முப்பது ஆண்டுகள் ஒரு ஸ்பானியருடைய தென்னந்தோப்பில் கண்காணியாக உழைத்தவர். அந்த வீட்டுப் பெண் ஐடா மீது சிறுவனுக்குக் காதல். வயலின் கற்று, இசைக்குழுவில் சேர்ந்து, அந்தப் பெரிய வீட்டின் விருந்தில் வாசிக்கப் போகிறான். மேசை நிறையத் தின்பண்டம். முட்டை மஞ்சள்கருவில் செய்த இனிப்புகளைத் துடைதாளில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறான். ஐடா பார்த்துவிடுகிறாள். எல்லோரும் போனபின் பெரிய பொட்டலமாகவே கட்டித் தருகிறேன் என்கிறாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தக் கருணையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. இனிப்புகளை இருட்டில் வீசி எறிகிறான்.

பிறர் பார்வை நம்மேல் விழும்போது வெட்கம் பிறக்கிறது என்று சார்த்தர் 1943இல் விரிவாக எழுதினார். சாவித்துவாரத்தில் ஒட்டுக்கேட்பவன் காலடி ஓசை கேட்டுத் திடுக்கிடும் அவருடைய உதாரணம் புகழ்பெற்றது. ஆனால் சாவித்துவாரத்தில் யாரும் சிக்கலாம். இனிப்பைச் சட்டைக்குள் ஒளிப்பவன் யார் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. அந்த வெட்கத்துக்குள் தாத்தாவின் முப்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. யாருடைய தென்னைகளால் அந்த மேசை நிறைந்தது என்ற கணக்கு இருக்கிறது. பையனுக்கு அந்தக் கணக்கு தெரியாது, வெட்கம் மட்டும் தெரியும். விருந்துவீட்டின் பின்வாசலில் நின்றவர்களின் பிள்ளைகளான நாம், அவனுக்குத் தெரியாததையும் சேர்த்து வாசிக்கிறோம்.

வாசனையின் வரலாறு

மானுவல் அர்கில்யாவின் ‘என் அண்ணன் லியோன் மனைவியை அழைத்துவந்த விதம்’ 1940இல் முதல் காமன்வெல்த் இலக்கியப் பரிசை வென்ற தொகுப்பின் தலைப்புக் கதை. தம்பி பால்தோ கதை சொல்கிறான். நகரத்துப் பெண் மரியாவை நேர்ச்சாலையில் கூட்டிவராமல், வயல்வெளி வழியாக மாட்டுவண்டியில் கூட்டிவரச் சொல்கிறார் தந்தை. அது சோதனை என்பது பின்னால் புரிகிறது. மரியாவின் மேனி மணம், வயலின் மணம், விளக்கின் ஆட்டம், காளையின் மூச்சு என்று புலன்களாலேயே கதை நகர்கிறது. ‘இடம்’ என்பது வரைபடத்துப் புள்ளி அல்ல, உடம்பு பழகிய உறவு என்று காட்ட இதைவிட நல்ல கதை கிடைக்காது.

பாடநூல்கள் இந்த ஒரு கதையோடு அர்கில்யாவை முடித்துக்கொள்கின்றன. அவரே எழுதிய ‘ரைஸ்’ கதையில் குத்தகை உழவர்கள் பசிக்கு வயலில் நத்தை பொறுக்குகிறார்கள். பண்ணை அதற்கும் தடை போட்டு அபராதம் விதிக்கிறது. அரிசி விளைவித்தவன் வீட்டில் அரிசி இல்லை. கடைசியில் பாப்லோ அரிவாளை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு இருட்டில் போகிறான். 1935 மே மாதத்தில் மணிலாவைச் சுற்றிய மாகாணங்களில் சக்தல் இயக்கத்தினர் கிளர்ந்தெழுந்த காலம் அது. முதல் கதையில் வயல் மணக்கிறது, இரண்டாவதில் அதே வயலில் காவலாள் நிற்கிறான். நிலம் யாருக்கு வீடாகத் தோன்றுகிறது, யாருக்குக் குற்றம் நடந்த இடமாகத் தோன்றுகிறது? இரண்டையும் ஒரே கை எழுதியது. அந்தக் கையை 1944இல் ஜப்பானியப் படை கொன்றது.

அமெரிக்காவுக்குப் போனவர்களின் கதை இன்னொன்று. 1930 ஜனவரியில் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் வெள்ளையர் கும்பல் பிலிப்பினோ பண்ணைத் தொழிலாளர்களை வேட்டையாடியது. ஃபெர்மின் தொபேரா என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளைப் பெண்களோடு நடனமாடினார்கள் என்பது அந்தக் கும்பலின் ஆத்திரத்துக்கு ஒரு காரணம். 1933இல் கலிபோர்னியா தன் கலப்புமணத் தடையைப் பிலிப்பினோக்களுக்கும் விரித்தது. 1934இல் வந்த டைடிங்ஸ்-மெக்டஃபி சட்டம் பிலிப்பினோ குடியேற்றத்தை ஆண்டுக்கு 50 பேராகச் சுருக்கியது. யார் யாரை மணக்கலாம், யார் எங்கே குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டு உடம்புகளைப் பிரிக்கும் வேலை நமக்குப் புதிதல்ல.

இந்தப் பின்னணியில் பியென்வெனிதோ சாந்தோஸின் ‘சென்ட் ஆஃப் ஆப்பிள்ஸ்’ கதையைப் பாருங்கள். போர்க்கால அமெரிக்காவில் தன் நாட்டைப் பற்றி உரையாற்றச் செல்கிறார் கதைசொல்லி. கலமசூ நகரில் செலஸ்தீனோ ஃபாபியா என்ற பிலிப்பினோ உழவர் வெகுதூரம் வண்டியோட்டி வந்து அவரைத் தன் வீட்டுக்கு அழைக்கிறார். அமெரிக்க மனைவி ரூத், ஒரு மகன், இடிந்த வீடு. அதைப் பார்க்கும் கதைசொல்லிக்குத் தெற்கத்திக் கறுப்பின ஏழைகளின் குடிசைகள் நினைவுக்கு வருகின்றன. வீடெங்கும் ஆப்பிள் வாசனை. விற்க முடியாமல் குவிந்த பழங்களின் வாசனை அது. சுவரில் பிலிப்பைன்ஸ் உடை அணிந்த, முகம் மங்கிய ஒரு பெண்ணின் படம். யாரென்று ஃபாபியாவுக்கே தெரியாது. ஊருக்குச் செய்தி சொல்லட்டுமா என்று கேட்கும்போது அவர் மறுக்கிறார். அங்கே தன்னை நினைவு வைத்திருப்பவர் யாரும் இல்லை.

புலோசானின் வாசனை சுவர் தாண்டி வருகிறது, சாந்தோஸின் வாசனை சுவருக்குள் அடைபட்டு அழுகுகிறது. வாசனை நேராக நினைவைத் தொடுகிறது என்று நிகழ்வியல் சொல்லும், அது சரிதான். ஆனால் ஃபாபியா ஏன் திரும்பிப் போகவில்லை, பழம் ஏன் விற்கவில்லை, வீடு ஏன் தனியே நிற்கிறது என்பவற்றுக்கு மூக்கு பதில் சொல்லாது. அதற்கு வரலாறு வேண்டும்.

யார் யாருக்காகப் பேசுவது

1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோ மக்களைக் காட்சிக்கு வைத்தார்கள். மலைவாழ் இகொரோத் மக்களை வேலிக்குள் ஆடவைத்துப் பார்த்தார்கள். அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அமடோர் டகுயோ ‘வெட்டிங் டான்ஸ்’ எழுதினார். குழந்தை இல்லாததால் மலைவாசியான அவியாவோ தன் மனைவி லும்னாயை விட்டு வேறு பெண்ணை மணக்கிறான். திருமண நடனத்தின் கங்சா ஒலி மலையெங்கும் கேட்க, லும்னாய் தனியே அவரைத் தோட்டத்தில் அமர்கிறாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்த அதே நடனத்தை, அதில் சேர முடியாதவளின் நெஞ்சிலிருந்து கேட்கவைத்தது பெரிய சாதனை.

ஆனால் டகுயோ லாவோகில் பிறந்து, கலிங்கா மலைப்பகுதியில் வளர்ந்தவர். பக்கத்தில் வாழ்ந்தவர், அவர்களில் ஒருவர் அல்ல. பரிவோடு எழுதினார், அதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் பரிவு ஓரிடம், சொந்தக் குரல் வேறோரிடம். லும்னாய்களின் பேத்திகள் எழுதும்போது அந்த நடனம் வேறு மாதிரி கேட்கலாம். தலித் இலக்கியம் எழுந்தபோது இதே கேள்வியைத்தான் நாம் கேட்டோம்.

அங்கேயும் வாதம் நடந்தது. கலை கலைக்கே என்று ஹோசே கார்சியா வில்யா நின்றார். 1940இல் ‘இலக்கியமும் சமூகமும்’ நூலில் சால்வடோர் பி. லோப்பஸ் அதை எதிர்த்தார். போருக்குப்பின் அமெரிக்காவின் அயோவாவில் பயின்று வந்த எடில்பெர்தோ, எடித் தியெம்போ இணையர் 1962இல் துமகெத்தே நகரில் எழுத்துப் பட்டறையைத் தொடங்கினார்கள். பிரதியை மட்டும் கூர்ந்து பார்க்கும் அமெரிக்கப் புதுத்திறனாய்வு அதன் வழியே வேரூன்றியது. இந்தச் சூழலில் நிகழ்வியல் வாசிப்பு ஒரு விடுதலைதான். வாசிப்பவரின் உடம்பை அது திரும்பவும் அறைக்குள் விட்டது. ஆனால் ‘அடைப்புக்குறிக்குள் வைத்தல்’ என்ற பெயரில் வரலாற்றையும் ஒதுக்கினால், பழைய கதவே வேறு பெயரில் மூடுகிறது. எதை ஒதுக்கி வைக்கலாம் என்பதை வயிறு நிறைந்தவர் முடிவு செய்யக் கூடாது. பசித்தவரால் பசியை அடைப்புக்குறிக்குள் வைக்க முடியாது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது

2002இல் கோபால் குரு, இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு ஒரு சாராருக்கும் தரவு இன்னொரு சாராருக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதைச் சுட்டினார். அவரும் சுந்தர் சருக்கையும் 2012இல் வெளியிட்ட ‘தி கிராக்டு மிரர்’ நூல் இந்த விவாதத்தை நீட்டியது. தீண்டாமையை நிகழ்வியலின் தீண்டலோடு வைத்து சருக்கை அதில் ஆராய்ந்தார். அனுபவத்தைப் பற்றிக் கோட்பாடு செய்யும் உரிமை யாருக்கு என்பது அந்த விவாதத்தின் உயிர்நாடி.

முதுகலை படித்த நாள்களில் நாமும் இதைப் பட்டிருக்கிறோம். கருத்தரங்கு ஒன்றில் நம் கட்டுரையைக் கேட்டபின் மூத்த பேராசிரியர் ஒருவர், “நல்ல சாட்சியம், கோட்பாட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்றார். அறை கைதட்டியது. புலோசானின் நீதிமன்றம் அப்போது நினைவுக்கு வரவில்லை, பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. கதையில் ஏழை வாசனையை எடுத்துக்கொண்டு ஓசையைக் கொடுத்தான். அந்த அறையில் நம் அனுபவத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு கைதட்டல் ஓசையை நமக்குக் கொடுத்தார்கள்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கதையை எடுத்தாலும் மூன்று கேள்விகளோடு வாசியுங்கள். இந்த உலகம் யாருக்கு, எந்தப் புலன் வழியாகத் தோன்றுகிறது? அது அப்படித் தோன்றுவதற்கு எந்தச் சட்டம், எந்தக் கூலி, எந்த வேலி காரணம்? அதே அறையில் இருந்தும் யாருடைய அனுபவம் எழுதப்படவே இல்லை? முதல் கேள்வியை நிகழ்வியல் கற்றுத் தருகிறது. இரண்டாவதை வரலாறு கற்றுத் தருகிறது. மூன்றாவதைக் கேட்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே கொண்டுவருகிறோம். அதைக் கேட்பதோடு நிறுத்தாமல் பதிலையும் நாமே எழுதுவோம்.

தோழரின் ஒளிநகல் கட்டுகள் இப்போது நம் மன்றத்தின் அலமாரியில் இருக்கின்றன. மை மங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த நினைவு நாளுக்குள் அவற்றில் ஒரு பத்துக் கதைகளையாவது தமிழில் கொண்டுவருவோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாணவர் திறனாய்வு எழுதட்டும். அவர் கேட்டிருக்கக்கூடிய அஞ்சலி அதுதான்.